மூன்றாவது வீதிச் சந்து

மருதாசல நகரில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லமாட்டார்கள். மரியாதைக்குப் பேர்போன ஊர் கோயமுத்தூர். அந்த ஊருக்கே பாடம் எடுக்கக்கூடியவர்கள் இந்த நகரின் மூன்று வீதிக்காரர்கள். போன வீட்டில் நாலாவது டம்ளர் காபியை நீட்டினாலும், "ஆகட்டுங்க" என்று வாங்கிக் குடித்துவிடுவார்கள். பிறகு வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள்.

நவ்யாவுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு படித்தாள். அவளுடைய அப்பா சீனிவாசலு, நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம் நடக்கும். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது நவ்யாவின் வேலை.

சங்கத் தலைவர் வேங்கடசாமிக்கு எழுபது வயது. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த வீதிவிளக்கு எரியவில்லை என்று விளக்குக்கே தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். போன மழைக்கு முதல் வீதியில் வெள்ளம் நின்றபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சாக்கடை அடைப்பைக் கையால் எடுத்தவர் அவர்தான். அவரைப் பார்த்தால் நவ்யாவுக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்ததுங்க, மூணாவது வீதிக் கடைசியில இருக்கற சந்து. அந்தப் பக்கம் நாலு மாடிக் குடியிருப்பு வருது. நாப்பது குடும்பம். புது ஆளுங்க வரப்போக இருப்பாங்க. நம்ம குழந்தைங்க வீதியில விளையாடுதுங்க. ஒரு பாதுகாப்புக்கு, அந்தச் சந்தை அடைச்சுச் சுவர் வெச்சுப்போடலாமுங்களா?"

ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"ஆகட்டுங்க," என்றார் ஒருவர்.

"செஞ்சுபோடலாங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க."

அப்பா நோட்டில் எழுதினார்: 'ஒருமனதாக ஏற்கப்பட்டது.'

நவ்யாவின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. அந்தச் சந்து வழியாகத்தான் தமிழ்வேந்தன் வருவான்.

சந்துக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வாய்க்கால் ஓரமாக ஓட்டு வீடுகள். அவற்றில் ஒன்றில் தமிழ்வேந்தனும் அவன் அம்மா மாசாணியம்மாளும் இருந்தார்கள். நவ்யாவும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. புதுக் குடியிருப்பு அந்த ஓட்டு வீட்டுக்காரர்களுக்காகத்தான் கட்டப்பட்டுவந்தது. ஓட்டு வீடுகளிலிருந்து பதினான்கு பிள்ளைகள் சந்தில் நுழைந்து மூன்று வீதிகளைக் கடந்து பள்ளிக்கு வருவார்கள். ஏழு நிமிட நடை.

கூட்டம் முடிந்ததும் நவ்யா ஓடினாள்.

தமிழ்வேந்தன் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "எங்களுக்கு மூணாவது மாடி," என்றான். "நீ உங்க மொட்டைமாடியில யாருக்கும் தெரியாம ஆடறியே, அதை இனி உக்காந்துட்டே பார்ப்பேன்."

"நான் ஒண்ணும் ஆடலை. அது உடற்பயிற்சி," என்றாள் நவ்யா. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சுவர் விஷயத்தைச் சொன்னாள்.

மாசாணியம்மாள் பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்பவர். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த சட்டையை மட்டும் இன்னொரு முறை பிழிந்தார்.

"அப்ப மெயின்ரோடு சுத்தித்தான் போகோணும். நடைபாதை கூட இல்லை, லாரி உரசிட்டுப் போகும். நான் ஏழு மணிக்கே வேலைக்குப் போயிருவேன், கூட்டிட்டுப் போக ஆளில்லை." கொஞ்சம் யோசித்தார். "இவனைப் பொள்ளாச்சியில என்ற தம்பி வூட்டுல விட்டுப்போடறேன் அம்மணி. அங்க பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்குது."

தமிழ்வேந்தன் கட்டடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் அவன் எந்தக் கிண்டலும் பண்ணவில்லை. நவ்யாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா நவ்யாவிடம் நோட்டைக் கொடுத்தார். "ஒவ்வொரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டு வா கண்ணு. வியாழக்கிழமை சுவர் வேலை ஆரம்பம்."

முதல் வீடு பத்மாவதி அத்தை வீடு. அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தராமல் நின்றார்.

"அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எனக்கு ஊசி போட வருவா. சர்க்கரைக்கு. தினமும் காலையில. சுவர் வெச்சா அவ எப்படி வருவாளோ."

"அப்ப எதுக்கு அத்தை கையெழுத்துப் போட்டீங்க?"

"அட, வேங்கடசாமி அண்ணன் சொல்லும்போது முகத்துக்கு நேரா எப்படிடா வேண்டாங்கறது? நமக்கு எவ்வளவு செஞ்சிருக்கார்."

அடுத்தது தையல்கடை யூனுஸ். அவரும் கையெழுத்துப் போட்டார். "என்ற கடைக்கு வர்ற பாதிப் பேர் அந்தப் பக்கந்தான்," என்று பெருமூச்சு விட்டார். "எல்லாரும் சரின்னு சொல்றப்போ நான் ஒருத்தன் குறுக்க பேசறது நல்லா இருக்குங்களா?"

வெள்ளியங்கிரி மாமா வீட்டில் இன்னும் வேடிக்கை. "எனக்கு இதுல இஷ்டமே இல்லை," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதுவும் அழகாக, கீழே ஒரு கோடு இழுத்து.

பதினாறு வீடு முடிந்தபோது நவ்யா வீதி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சுவர் வேண்டும் என்று மனதாரச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஆனால் நோட்டில் பதினாறு கையெழுத்து இருந்தது.

அவளுக்கு வகுப்பில் நடந்த தலைவர் தேர்தல் நினைவுக்கு வந்தது. டீச்சர் முதலில் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் ரைஹானுக்கே தூக்கினார்கள். ஏனென்றால் ரைஹான் திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் சிரித்துவிட்டு, "எல்லாரும் மேசையில தலையை வெச்சுக் கண்ணை மூடுங்க. இப்ப கை தூக்குங்க," என்றார். ரைஹானுக்கு நான்கு ஓட்டுதான் விழுந்தது.

நவ்யா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனாள்.

வேங்கடசாமி தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வா அம்மணி. கையெழுத்தெல்லாம் ஆச்சா?"

"பாதி ஆச்சுங்க தாத்தா." நவ்யா நோட்டை நீட்டவில்லை. "ஆனா நெறயப் பேருக்குச் சுவர் பிடிக்கலைங்க."

"அதான் எல்லாரும் சரின்னு சொன்னாங்களே."

"உங்க முன்னால யாருங்க தாத்தா வேண்டாம்னு சொல்லுவாங்க?"

பேப்பர் கீழே இறங்கியது. "யாரு பிடிக்கலைன்னு சொன்னது?"

"அதைச் சொல்லமாட்டேனுங்க. அவங்க என்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க."

வேங்கடசாமி பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நவ்யா நினைத்தாள். அவரோ சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் பக்கம் திரும்பினார். அது அவருடைய மனைவியின் படம். புதிதாகக் கட்டிய மல்லிகைச் சரம் போட்டிருந்தது.

"என்கிட்ட வேண்டாம்னு சொல்ல ஒருத்தி இருந்தா," என்றார். "தினமும் நாலு தடவை சொல்லுவா. அவ போயி ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்பறம் நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரிங்கறாங்க. சரியாத்தான் செய்யறேன்னு நெனச்சுட்டேன்."

நவ்யா அவரிடம் வகுப்புத் தேர்தல் கதையைச் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே அவசரக் கூட்டம் கூடியது. இருபத்தேழு பேர் வந்தார்கள்.

"ஏனுங்க, எல்லாரும் குனிஞ்சு முழங்கால்ல தலையை வெச்சுக் கண்ணை மூடிக்கோணும்," என்றார் வேங்கடசாமி. "நானுந்தான்."

"எனக்கு முதுகு வலிங்களே," என்றார் பத்மாவதி.

"வலிக்காத அளவுக்குக் குனியுங்க அம்மணி."

"கையை எண்ணறது யாருங்க?" என்று கேட்டார் யூனுஸ்.

"நவ்யா. யார் சொன்ன பேச்சையும் வெளியில விடாத புள்ளை அது. முந்தாநேத்து நானே கேட்டுப் பார்த்துட்டேன்."

இருபத்தேழு பெரியவர்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவுக்கு வந்த ஒரு நாய் அவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு விலகிப் போனது.

"சுவர் வேணுங்கறவங்க கை தூக்குங்க," என்றாள் நவ்யா.

மூன்று கைகள்.

"கீழ போடுங்க. வேண்டாங்கறவங்க?"

கைகள் எழுந்தன. வளையல் கைகள், கடிகாரக் கைகள், சுருக்கம் விழுந்த கைகள். நவ்யா விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். அப்பாவின் கையும் எழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் நாற்காலியில், வெள்ளைச் சட்டைக் கை ஒன்று நேராக நின்றது. அது தலைவரின் கை.

நவ்யா இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

"நிமிருங்க. வேணுங்கறவங்க மூணு. வேண்டாங்கறவங்க இருபத்து மூணு."

"ஒண்ணு குறையுதே," என்றார் அப்பா.

வெள்ளியங்கிரி மாமா இன்னும் நிமிரவில்லை. மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கூட்டம் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

சிரிப்பு அடங்கியதும் வேங்கடசாமி எழுந்தார். "சுவர் இல்லைங்க. ஆனா அந்த மூணு பேர் பயப்படறதுலயும் நியாயம் இருக்குது. சந்துல ஒரு விளக்குப் போடலாம். பைக் உள்ள வராம ரெண்டு கல்தூண் நடலாம். நாளைக்கு வர்ற கொத்தனாரை அதைச் செய்யச் சொல்லிப்போடறேன். குழந்தைங்க நடந்து வரட்டும். அப்பறம், குடியிருப்புக்கு வர்றவங்களும் நம்ம சங்கத்துல சேரட்டும். மாசாணியம்மாளை அடுத்த கூட்டத்துக்கு நானே போய்க் கூப்பிடறேன். இதுல யாருக்காவது இஷ்டமில்லைன்னா..." அவர் சுற்றிலும் பார்த்தார். "மறுபடியும் குனிஞ்சுக்கலாம்."

"முதுகு வலிங்க," என்றார் பத்மாவதி. "இந்தத் தடவை நெசமாவே சரிங்க."

அதன் பிறகு இரண்டு நாள் நவ்யாவுக்கு நல்ல கவனிப்பு. யூனுஸ் கலர் நூல்கண்டை நீட்டிக் கேட்டார். பத்மாவதி அத்தை தட்டு நிறைய ஒப்பிட்டுப் போளி வைத்துக் கேட்டார். "அந்த மூணு பேர் யாரு கண்ணு? தலைவர் எந்தப் பக்கம்?" நவ்யா நூல்கண்டை வாங்கவில்லை. ஒப்பிட்டை மட்டும், ஒன்றே ஒன்று, சாப்பிட்டாள். பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை சந்தில் இரண்டு கல்தூண்கள் நின்றன. சிமெண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. பதினான்கு பிள்ளைகளும் வரிசையாக அவற்றுக்கு நடுவே புகுந்து வந்தார்கள். கடைசியாகத் தமிழ்வேந்தன், ஒரு கையால் பையையும் மறு கையால் தலைமுடியையும் சரிசெய்துகொண்டு வந்தான்.

"பொள்ளாச்சி மாமா ஏமாந்துட்டார்," என்றான். "எனக்காகச் சைக்கிள் எல்லாம் துடைச்சு வெச்சாராம்."

"போய் ஓட்டேன், யார் வேண்டாம்னது?"

"லீவுல போவேன்." நாலடி நடந்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். "நவ்யா, என்கிட்ட மட்டும் சொல்லு. தலைவர் கை தூக்கினாரா?"

"எட்டு ஐம்பது ஆகுது," என்றாள் நவ்யா. "நட, மணி அடிச்சுருவாங்க."