நோயாளி நான்தான்

“கொஞ்சம் எந்திரிங்க தங்கச்சி... நோயாளி உட்காரட்டும். கூட வந்தவங்க நிக்கலாம்தானே?”

விதுஷா நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடியோடு ஓர் இளைஞன்; அவன் கைத்தாங்கலில் ஒரு பெரியவர். பதுளை ஆஸ்பத்திரியின் புற்றுநோய் கிளினிக்கில் அன்று வேறு இடமும் இல்லை.

“கூட வந்தவளா? நோயாளியே நான்தாங்க!” கிளினிக் புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “குடல் கேன்சர். வயசு இருபத்தெட்டு. போதுமா?”

வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டும் கிருஷ்ணராஜ் புத்தகத்தில் இருந்த வயதை மறுபடியும் படித்தான். அப்பா வீரய்யாவுக்கும் அதே நோய்தான். ஆனால் அவருக்கு அறுபத்தாறு வயது. இவளுக்குப் போயா... அதுவும் அந்தக் கண்கள்! இத்தனை கோபத்தில் இத்தனை அழகு எதற்கு?

முறைத்துக்கொண்டேதான் நகர்ந்து உட்கார்ந்து, பெரியவருக்கு இடம் கொடுத்தாள்.

“மன்னிச்சிருங்க... எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று தயங்கிக் கேட்டான்.

“பத்து மாசம் கழிச்சு! ரத்தம் போகுதுன்னு டிஸ்பென்சரிக்குப் போனா, மூலம்னாங்க. காரத்தைக் குறைன்னாங்க. இந்த வயசுல வேற ஒண்ணும் வராதாம். ஒங்கப்பாவுக்கு?”

“ஒரு தடவைதான் சொன்னாரு... அடுத்த வாரமே குழாய் விட்டுப் பாத்துட்டாங்க.”

“பாத்தீங்களா! நரைச்ச தலைன்னா நம்புவாங்க. எனக்கு நரைக்கல, அதனால மூணாங்கட்டம் வரைக்கும் போயிருச்சு.”

கோபப்படாமல் என்ன செய்வாள்? வீரய்யாவுக்கு அறுவை சிகிச்சையோடு சரி. பூனாகலைத் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியையான அவளுக்கோ, மருந்து ஏற்றி ஏற்றி விரல் நுனி மரத்து, சுண்ணக்கட்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் மட்டும் வந்தான். பெஞ்சில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

“அப்பாவுக்கு மூணு மாசம் கழிச்சுத்தானே வரச் சொன்னாங்க?”

“கெழங்கு இறக்க வந்தேன்...”

“கிளினிக்லயா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தடவையும் கிழங்கு இறக்கத்தான் வந்தான். அதற்கடுத்த தடவை அவள் சிரிக்கவில்லை.

“பரிதாபப்பட்டு வர்றதா இருந்தா இனி வராதீங்க. எனக்கு அது வேணாம்.”

“பரிதாபம் இல்லைங்க. ஒங்கக்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

வெளியே மழை வலுத்தது. அவள் அவன் பக்கம் திரும்பினாள். சொல்லப் போகிறானா... இங்கேயா... இப்போதேவா?

“எனக்கும் ரத்தம் போகுது. ஆறு மாசமா.”

அவள் சட்டென்று எழுந்தாள்.

“ஆறு மாசமா? அப்பாவுக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சுமா?”

“முப்பத்திரண்டு வயசுதானே... மூலமா இருக்கும்னு...”

“அவங்க சொன்னதையே நீங்களும் சொல்றீங்களா? என்னைப் பாத்துக்கிட்டே சொல்றீங்களா?” கண்ணில் நீர் முட்ட, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“நோயாளி யாரு?” மேசையில் இருந்த நர்ஸ் ஸகீனா, விதுஷாவைப் பார்த்தே கேட்டாள்.

“நான்தான் மிஸ்,” என்றான் கிருஷ்ணராஜ்.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்ப்பதற்குள் விதுஷா முந்திக்கொண்டாள். “வயசைப் பாக்காதீங்க மிஸ். அப்பாவுக்குக் குடல் கேன்சர். இவருக்கு ஆறு மாசமா ரத்தம் போகுது. டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க!”

நர்ஸ் மறுபேச்சில்லாமல் உள்ளே போனாள். திங்கட்கிழமை குழாய் விட்டுப் பார்க்க நாள் கிடைத்தது.

தேதி எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மெல்லச் சொன்னான். “நெசமா நான் சொல்ல வந்தது வேற. இதை மறைச்சுட்டு அதைச் சொல்ல மனசு வரல.”

“எதை?”

“மொத நாள் ஒங்களைத் தங்கச்சின்னு கூப்பிட்டேன்ல... அதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒங்களைக் கட்டிக்கணும்னு ஆசைங்க.”

அவன் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. அழுகையும் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

“திங்கக்கெழம நானும் வருவேன். ஆறு மாசம் வாயத் தொறக்காத மனுசன்... இதையாவது காலத்தோட சொன்னீங்களே!”