அலையடக்கி

அடுப்பில் தோசைக்கல் அசையாமல் இருந்தது. அந்தமான் தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகில் வாழ்கிறோம் என்பதே பெர்னதெத்துக்குச் சில நாள் மறந்துபோகும். படகின் அடியில் பொருத்திய அலையடக்கி, வருகிற ஒவ்வோர் அலைக்கும் எதிரலை அனுப்பி, சுற்றிலும் நாற்பதடித் தண்ணீரைத் தாம்பாளமாக்கி வைத்திருந்தது. அலையை அது அழிப்பதில்லை. அப்பால் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

நான்கு மாதமாக அவளும் கணவர் செலஸ்டினும் தீவு தீவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் மழைநீர்த் தொட்டியைப் பார்ப்பது, பாய்க்கயிற்றில் துணி உலர்த்துவது, காற்று வாகாக வந்தால் பாய் விரிப்பது. இந்தக் குடாவில் நங்கூரம் போட்டு மூன்று நாளாயிற்று. இன்னும் எட்டுப் படகுகள் நின்றன. எல்லாவற்றிலும் அலையடக்கி. ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டக் கண்ணாடி போல் நீர். வட்டங்களுக்கு இடையில் மட்டும் கடல் ஆளுயரத்துக்கு எழும்பிக் குதித்தது. யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. வானொலியில் வணக்கம் சொல்வதோடு சரி.

மேல்தளத்தில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த செலஸ்டின், "ஏ பெர்னா!" என்று கத்தினார். அரிவாள் நழுவி உள்ளங்கையைப் பிளந்திருந்தது. கட்டிய துணியெல்லாம் நனைந்தும் இரத்தம் நிற்கவில்லை.

அடுத்த படகில் இருந்தவர் மருத்துவர் தாட்சாயணி. கூப்பிடு தூரம்தான். பெர்னதெத் வானொலியில் விவரம் சொன்னாள்.

"வர்றேன்க்கா. ஆனா நடுவுல தண்ணியைப் பாத்தீங்களா? என் துடுப்புப் படகு கவுந்துடும். எல்லாரும் அலையடக்கியை நிறுத்தினாத்தான் வர முடியும்."

மற்றப் படகுகளும் வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. முதலில் நிறுத்துகிறவர் மேல்தான் மற்ற எட்டும் தள்ளுகிற அலையெல்லாம் வந்து விழும். யாருக்குத்தான் மனசு வரும்?

"நான் நிறுத்துதேன்," என்றாள் பெர்னதெத். "பொறவு நீங்களும் நிறுத்துங்க."

செலஸ்டினைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு விசையை இழுத்தாள். படகு ஒருக்களித்தது. தட்டுகள் பறந்தன. சுவரெல்லாம் மாவு வழிந்தது.

"கையை மேல தூக்கிப் பிடிங்க! இறக்காதிய!"

வானொலியில் ஒரு குரல், "நிறுத்திட்டேன்," என்றது. பிறகு இன்னொன்று. ஒன்பதாவது எந்திரமும் ஓய்ந்ததும் கடல் அடங்கியது. மெல்லிய அலைகள் படகை லேசாக ஆட்டின. மூன்று நாளாக எல்லாரும் அஞ்சிய கொந்தளிப்பு முழுக்க, அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டதுதான்.

தாட்சாயணி துடுப்புப் போட்டு வந்து ஏழு தையல் போட்டார். நலம் விசாரிக்க மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் மீன்குழம்பு கொண்டுவந்தார். பொழுது சாயும்வரை சிரிப்பும் பேச்சுமாக இருந்தது.

எல்லாரும் திரும்பிப் போன சற்று நேரத்தில், ஏதோ ஒரு படகிலிருந்து எந்திரத்தின் முனகல் கேட்டது. பிறகு அதற்குப் பக்கத்தில். பெர்னதெத்தின் படகு எகிற ஆரம்பித்தது.

"அக்கா," என்றது வானொலியில் தாட்சாயணியின் குரல். "எல்லாரும் போட்டுட்டாங்க. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் அடி விழுது. நானும் போட்டுடட்டுமா? கோவிச்சுக்காதீங்க."

"இதுல என்ன கோவம், டாக்டரம்மா. போட்டுக்கோங்க."

அடுத்த அடியில் செலஸ்டினின் தையல் போட்ட கை கட்டில் சட்டத்தில் மோதியது. அவர் பல்லைக் கடித்தார். பெர்னதெத் விசையைத் தள்ளினாள். அவளைச் சுற்றிலும் நீர் தட்டையாயிற்று. அவள் படகு தள்ளிவிட்ட முதல் அலை நேராக மருத்துவரின் படகை நோக்கிப் போயிற்று.