ஆறாவது குழாய்

ஐந்து குழாயிலும் பிளீச்சிங் வாடை வந்துவிட்டது. ஆறாவதில் வரவில்லை.

தங்கமணி மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். கொல்லைக் கதவை ஒட்டிய கால் கழுவும் குழாய் அது. தண்ணீர் தெளிவாக, சில்லென்று கொட்டியது. மழையில் ஊறிக் கிடந்த களிமண்ணின் வாடை மட்டும் லேசாக அடித்தது.

அடைமழையில் வாய்க்கால் உடைந்து வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிய வாரம்தான் மகள் இசைவாணிக்கு வாந்தியும் பேதியும். ஏழு வயசுப் பிள்ளை. மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றி நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். "உடம்புல தண்ணியே இல்லம்மா. இன்னொரு தடவை வந்தா தாங்காது," என்றார் டாக்டர். கேட்டதிலிருந்து தங்கமணிக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் சுகாதார ஊழியர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். பவுடரைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றி, மோட்டாரைப் போட்டு மேல் டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து வாடை வந்ததும் மூடினாள். நாளைக் காலைவரை யாரும் தொடக்கூடாது. பிள்ளையிடமும் சொல்லியாயிற்று: "நாத்தம் அடிக்கிற தண்ணியக் குடிக்கக்கூடாது கண்ணு. சொம்புல ஆறவெச்ச தண்ணி இருக்கு."

மணி மூன்றுதான். ஆனாலும் வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டும்போல இருட்டிக்கொண்டு வந்தது, கரண்டும் போயிருந்தது. மாடியேறி டேங்க் வால்வை இறுக மூடிவிட்டு வந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். ஐந்து குழாயும் சொட்டி நின்றன. ஆறாவது அதே வேகத்தில் கொட்டியது.

அதைத் திருகி மூடினாள்.

"அதையும் மூடிட்டியாம்மா?" ஜன்னலில் இசைவாணி நின்றாள். "அதுல நாத்தமே அடிக்காது. நான் எப்பவும் அதுலதான் குடிப்பேன்."

தங்கமணி உள்ளே ஓடினாள். பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் விட்டுவிட்டு, அடுப்படியில் நின்று பிளம்பர் சதீஷுக்குப் போன் போட்டாள்.

"கொல்லக் கதவுகிட்ட இருக்கிறதாக்கா?" என்று கேட்டான். "அதுக்கு நான் லைனே குடுக்கலியே. அது பழைய கிணத்துப் பைப்பு. செவுத்துக்குள்ளயே அடைச்சு விட்டுட்டேன்."

பழைய கிணறு. மூன்று வருஷத்துக்கு முன், அடுப்படியைப் பெரிசாக்க அதைத் தூர்த்துவிட்டு மூலையில் புதுசு தோண்டினார்கள். "ஊறுற கிணத்தத் தூர்க்காதீங்க, தாகத்தோட கெடக்கும்," என்று கொத்தனார் அரசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். சிங்கப்பூரில் இருந்த புருஷன் பஞ்சநதம் போனிலேயே சிரித்தான்: "கிணத்துக்கே தாகமா?" அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இப்போது அவள் நின்றிருந்தது அந்தக் கிணற்றின் மேல்தான். காலடியில் டைல்ஸ் சில்லிட்டது.

மடக்.

கொல்லைப் பக்கமிருந்து.

மடக். மடக்.

கட்டில் காலி. சொம்புத் தண்ணீர் தொடாமல் இருந்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

இசைவாணி மண்டியிட்டு, குழாயை வாயில் கவ்வியிருந்தாள்.

"குடிக்காதடி!"

பாய்ந்துபோய்த் திருகைப் பிடித்தாள். மூடியே இருந்தது. அவள் மூடியபடியே. சற்றுமுன் கொட்டிய தண்ணீரின் ஈரம்கூடத் தரையில் இல்லை.

மடக். மடக்.

பிள்ளையின் தொண்டை அசைந்தது. கீழிருந்து மேலாக. கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. தோளைப் பிடித்து இழுத்தாள். வாய் விடவில்லை. கைக்குள் பிள்ளை லேசாகிக்கொண்டே வந்தாள்.

சுவருக்குள் அது ஆசை தீரக் குடித்துக்கொண்டிருந்தது.