பொய்ப் பதில்

மூன்றாவது நாளும் பூனையின் தட்டு இடம் மாறியிருந்தது. சமையலறையில் அம்மா வைத்த தட்டு, கூடத்தைக் கடந்து, மகளின் அறை வாசலில் கிடந்தது. தரையில் சிந்தியிருந்த மீன் துணுக்குகள் அது தள்ளிக்கொண்டு போன வழியைக் காட்டின. பூனை அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வாய் தின்றது, தலையைத் தூக்கிக் கூடத்து மூலையைப் பார்த்தது, மறுபடி ஒரு வாய் தின்றது, மறுபடி மூலையைப் பார்த்தது. அந்த மூலையில் குடை மாட்டியிருந்த ஆணியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"முதலாளிக்கு நம்ம கிச்சன் புடிக்கல போல," என்றாள் பட்டாணி.

ஏழு வயது மகளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். பூனைக்கு முதலாளி என்று பெயர் வைத்தது அவள்தான். பிராணிகள் காப்பகத்திலிருந்து வந்த அன்றே சோபாவின் நடுவில் ஏறிக் கால் நீட்டி, அம்மாவையும் மகளையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்ட பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது? பட்டாணியின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரையேறுகிற ஆள். அவர் கடைசியாகக் கிளம்பிய நாளிலிருந்து தனியாகத் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை, பூனை வந்த பிறகுதான் தன் கட்டிலுக்குப் போனாள். அதற்காகவே இந்தப் பூனை எப்பாடு பட்டாவது இங்கே நிலைக்க வேண்டும் என்று அம்மா நினைத்தாள்.

அம்மாவுக்கு வேலை காது பரிசோதனை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா விரலத் தூக்குங்க, எவ்ளோ சன்னமா இருந்தாலும் தூக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். ஆள் விரலைத் தூக்கினால் சத்தத்தை இரண்டு படி இறக்குவாள், தூக்காவிட்டால் ஒரு படி ஏற்றுவாள். இடைவெளி ஒரே சீராக இருக்கக் கூடாது, இருந்தால் ஆள் அனுமானத்திலேயே தூக்கிவிடுவார். ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காது குறுக்கே வரக் கூடாதென்றால் அதற்குள் வெறும் இரைச்சலை ஊதி மறைத்துவிடுவாள். சத்தமே இல்லாதபோது விரலைத் தூக்குகிறவர்களும் உண்டு, ஆர்வக் கோளாறு. தாளில் 'பொய்ப் பதில்' என்று குறித்துவிட்டு மேலே போக வேண்டியதுதான். பதினைந்து வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பூனை தன் வயிற்று முடியை நக்கி நக்கித் தோல் தெரியும்படி ஆக்கிவிட்டது. ஆறாம் நாள் கூடத்து மூலையில் மூத்திரம் பெய்தது. எத்தனை முறை கழுவிவிட்டாலும் ஈரச் சாக்கும் துருப்பிடித்த இரும்பும் கலந்தாற்போன்ற ஒரு வாடை மத்தியான வெயிலில் அங்கிருந்து கிளம்பி, திரைச்சீலையில் ஏறி, துவைத்து மடித்த துணிக்குள்ளும் புகுந்துகொண்டது. அதோடு கத்தல் வேறு. பசிக்குக் கத்துகிற குரல் இல்லை. மகளின் அறை வாசலில் நின்று, காதுகளைத் தலையோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்துகிற வரைக்கும் அது கத்தியது.

"புது வீடுன்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் கால்நடை மருத்துவர் போனில். "மூணு நாள் பயப்படும், மூணு வாரத்துல பழகும், மூணு மாசத்துல உங்களயே வெளிய போன்னு சொல்லும். ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி வைங்க, திட்டாதீங்க. காது சரியா கேக்குதான்னு பாருங்க. செவிட்டுப் பூனைங்கதான் இப்படிக் கத்தும்."

"எங்கிட்டயே காதப் பத்திச் சொல்றீங்களா டாக்டர்?" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதித்துப் பார்த்தாள். பூனைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினாள், காகிதத்தைக் கசக்கினாள், விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தாள். எல்லாவற்றுக்கும் காது திரும்பியது, பாம்புச் செவி. பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள். பூனையின் இடக்காது மட்டும் மூலைப் பக்கம் திரும்பியது. ஒன்பது விநாடி கழித்து மறுபடி. நான்கு விநாடி. பதினொன்று. ஒவ்வொரு முறையும் கையிலிருந்த தாளில் 'பொய்ப் பதில்' என்று எழுதினாள்.

"என்னம்மா எழுதுற?"

"முதலாளிக்கு ஆர்வக் கோளாறு. இல்லாத சத்தத்துக்கெல்லாம் காதத் திருப்புறாரு."

"இல்லாத சத்தத்துக்கு எப்படிம்மா காது திரும்பும்?"

"சுவத்துக்குக் காது இருக்குன்னு சொல்வாங்கல்ல? நம்ம வீட்டுச் சுவத்துக்கு வாயும் இருக்கும் போல," என்று பட்டாணியின் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். இருவரும் சிரித்தார்கள். பூனை மூலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பூனையின் கத்தலைப் பதிந்து மருத்துவருக்கு அனுப்பலாம் என்று வேலை இடத்திலிருந்து ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வந்து, கூடத்து அலமாரியில் மின்சாரத்தில் செருகி ஓடவிட்டாள். மனிதக் காதுக்கு எட்டாத சத்தங்களையும் பிடித்துத் திரையில் கோடுகளாகக் காட்டுகிற கருவி அது.

புதன்கிழமை சாயங்காலம் பட்டாணி அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூனை அவளுடைய சட்டைக் கையைப் பல்லால் கவ்விப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று சிவப்புக் கீறல்கள். அம்மா ஆத்திரத்தோடு பூனையைப் பிடித்து விலக்கினாள். முகத்தில் பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆத்திரத்துக்கு அடியில், சொன்னால் வெட்கம், கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. திருப்பிக் கொடுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காப்பகத்துக்காரம்மா கூண்டை வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "இது மூணாவது வீடு. எல்லாரும் இதேதான் சொல்றாங்க. கொழந்தை ரூம் வாசல விட்டு நகர மாட்டேங்குது, கத்துது."

"அந்த ரெண்டு வீட்லயும் இப்ப எப்படி இருக்காங்க?"

"ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி விசாரிப்போம், அது எங்க வழக்கம். ரெண்டு பேரும் எடுக்கவே இல்ல. கோவம் போல. நீங்களாவது எடுங்கம்மா."

கிளம்பும்போது கூண்டுக்குள் பார்த்தாள். பூனை சுருண்டு, மூக்கை வாலுக்குள் புதைத்துத் தூங்கிப்போயிருந்தது. அது தூங்கி அவள் பார்ப்பது அதுவே முதல் முறை.

பட்டாணி இரண்டு நாள் அழுதாள். பிறகு அழவில்லை, முதலாளியைப் பற்றிப் பேசவும் இல்லை. சமர்த்தாகத் தன் அறையில் தனியாகத் தூங்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த வாடை மட்டும் போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை இருவருக்கும் விடுமுறை. மத்தியான வெளிச்சம் மேசையில் விழுந்துகிடக்க, பட்டாணி மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வலக்கையில் பென்சில். இடக்கை ஆட்காட்டி விரல் மெல்ல மேலே போனது. இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மேலே போனது.

"என்னடி விளையாட்டு இது?"

"எவ்ளோ சன்னமா கேட்டாலும் தூக்கணும்னு நீதானம்மா சொல்லுவ."

"என்ன கேக்குது?"

"கொசு மாதிரி. ஆனா கொசு இல்ல. மொதல்ல முதலாளிக்கு மட்டும் கேட்டுச்சு. இப்ப எனக்கும் கேக்குது." விரல் மேலே போனது. "கரெக்டா தூக்குனா கிட்ட வருதும்மா."

மின்விசிறியை நிறுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. மகளின் விரல் மேலே போனது. மனசுக்குள் எண்ணினாள். ஒன்பது. நான்கு. பதினொன்று.

அலமாரியிலிருந்து எடுக்க மறந்துபோன கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பின்னுக்கு நகர்த்தினாள். முதல் நாளிலேயே கோடுகள் இருந்தன, பூனைக்கு மட்டும் எட்டுகிற உச்சத்தில், மெல்லிய ஊசிக் கோடுகள். இரண்டு படி இறங்கின. ஒரு படி ஏறின. இரண்டு இறக்கம், ஒரு ஏற்றம். பதினைந்து வருடமாக அவள் கை தினமும் செய்கிற வேலை. யாரோ சோதித்துக்கொண்டிருந்தார்கள், இந்த வீட்டில் யாருக்குக் கேட்கிறது என்று.

ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சாம்பல் பட்டை அப்பியிருந்தது. பூனையின் கத்தல். கோடு எழும்போதெல்லாம் அது கத்தியிருக்கிறது. பட்டாணிக்குக் கேட்காமல் இருக்க, இரைச்சலை ஊதி மறைத்திருக்கிறது. போன வியாழக்கிழமையோடு அந்தப் பட்டை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கோடுகள் மட்டும். சுத்தமாக. நாளுக்கு நாள் சுருதி கீழே இறங்கி, சின்னப் பிள்ளைகளின் காதுக்கு எட்டும் இடத்துக்கு வந்து, அங்கேயும் நிற்காமல் இறங்கி. பெரியவர்களின் காது எங்கே தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் காது எங்கே தொடங்கும் என்றும் தெரியும். இன்றைய கோடு அதற்கு மயிரிழை மேலே இருந்தது.

பொய்ப் பதில் என்று எழுதிய கையைப் பார்த்தாள்.

"பட்டாணி. எந்திரி. செருப்புக் கூட வேணாம், வா."

பட்டாணி வரவில்லை. பென்சில் உருண்டு தரையில் விழுந்தது. கண்களை மூடியிருந்தாள். அம்மா அந்த விரலைப் பிடித்து மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. ஏழு வயது விரல். இரும்பாக இருந்தது.

மேசையில் போன் அடித்தது. திரையில் காப்பகத்தின் பெயர். நீங்களாவது எடுங்கம்மா. கை எட்டுகிற தூரம்தான். எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூனையைக் கொண்டு வாங்க.

கையை நீட்டினாள்.

மகளின் தலையில், இரண்டு காதுகளின் மேலும், முடி மெல்ல அழுந்தியது. ஹெட்போன் மாட்டினால் அழுந்துகிற மாதிரி. பின்னால் யாரும் இல்லை. ஆணி. குடை. சுவர்.

பிறகு அம்மாவின் காதுகளிலும் ஏதோ பதிந்தது. சில்லென்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். ஈரச் சாக்கின் வாடை.

போன் சத்தம் நின்றுவிட்டது. திரை மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றும்.

பிறகு, மிகச் சன்னமாக, ஒன்று கேட்டது. போனை நோக்கி நீண்டிருந்த அவள் கை பாதியில் நின்றது. ஆட்காட்டி விரல் மட்டும் மெல்ல மேலே போனது.