ஒரு சொட்டு ஆயில்கூடச் சிந்தாமல்

திங்கட்கிழமை, காலை ஏழு மணி.

பானெட்டைத் தூக்கிய டாக்ஸிக்காரர் "ஐயோ!" என்று அலறினார். இன்ஜினுக்கு இழுவை கூட்டச் சனிக்கிழமை மாட்டிய டர்போவைக் காணோம். அதற்காகக் கழற்றி டிக்கியில் போட்டிருந்த மேனிஃபோல்டு என்ற பழைய புகைக்குழாய், ஒன்றுமே நடக்காததுபோல் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்துவிட்டார். மனிதர் போட்ட கூச்சலுக்கு அவர் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"மூணரை லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு எதுக்கு டர்போ?"

"என் பொண்ணுக்கு நிறைமாசம் மேடம். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். இந்த டீசல் கிழம் ஏத்தத்துல ஊருது. இன்னிக்கு அவளைக் கூட்டிட்டுப் போகணும். வழியில வலி வந்துட்டா?"

"யார் மேல சந்தேகம்?"

"என் தம்பிதான். தன் ஜீப்புக்குக் கேட்டு நச்சரிச்சான்."

பக்கத்தில் நின்ற தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து முழுக்க கல்யாண வீட்டுல உங்க பக்கத்துலதானே அண்ணே உக்காந்திருந்தேன்?"

கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் மகளும் மாப்பிள்ளையும்தான். குழாய் வேலை பார்க்கும் மாப்பிள்ளை எல்லோருக்கும் காபி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

டர்போ மாட்டிய மெக்கானிக் வந்தார்.

"நீங்க நேத்து எங்க?"

"வீட்டுல தூங்கினேன். இதைப் போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம், வீட்டுல எல்லார் முன்னாடியும். பிஸ்டன் ரிங் தேஞ்சு கிடக்கு. காத்தை அமுக்கித் திணிச்சா இன்ஜின் தன் ஆயிலையே குடிச்சுட்டு வெறி பிடிச்சு ஓடும். சாவியை எடுத்தாலும் நிக்காது. கேட்டாரா? 'நீ மாட்டலைன்னா வேற ஆள் மாட்டுவான்'னுட்டார்."

இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு காருக்கடியில் குனிந்தார். டர்போவுக்கு ஆயில் போகும் வழி, திரும்பும் வழி, இரண்டையும் யாரோ இறுக்கி அடைத்திருந்தார்கள். மரை விளிம்பில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

"ஆயில் வழியை நீங்க எதை வெச்சு அடைப்பீங்க?"

"செம்பு வாஷர் போட்டு, போல்ட் முடுக்குவேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"திருடனா இருந்தா கழட்டினதும் ஓடியிருப்பான். ஓட்டையை அடைச்சு, பழசை மாட்டிட்டா போவான்? வண்டி நல்லா ஓடணும்னு நினைச்ச ஆளோட வேலை இது. மெக்கானிக்கும் இல்லை. மரையில வெள்ளை டேப் சுத்தியிருக்கு, தண்ணிக் குழாய்க்குச் சுத்துற டேப். கைப்பழக்கம் விடலை, இல்லையா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை தலைகுனிந்தார். "மெக்கானிக் சொன்னதைக் கேட்டதுலேருந்து தூக்கமே இல்லை. மாமாவை எதிர்த்துப் பேசவும் வாய் வரலை. அவளை அந்த வண்டியில மலைக்கு ஏத்த மனசு ஒப்பலைங்க. டர்போ மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால பத்திரமா இருக்கு."

டாக்ஸிக்காரர் மகளைப் பார்த்தார். மலை வளைவும் நிற்காத இன்ஜினும் இப்போதுதான் அவருக்கு உறைத்தன. மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாசம் என் கண்ணை மறைச்சிடுச்சு மாப்ளே. என் பொண்ணையும் வயித்துப் பிள்ளையையும் காப்பாத்திட்டீங்க. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்!"

"அப்போ புகார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்தப் புகார் மேடம்?"

ஒன்பது மணிக்குக் கார் மலையேறியது. மாப்பிள்ளை ஓட்ட, பாரம் ஏற்றிய லாரிகூட முந்திக்கொண்டு போனது.

"அப்பா, இறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம் போலிருக்கே," என்றாள் மகள்.

"ஊரட்டும்மா. குடியா முழுகிப் போச்சு?" என்றார் டாக்ஸிக்காரர், மாப்பிள்ளையின் தோளில் வைத்த கையை எடுக்காமலே.