இறங்க முடியாத சைக்கிள்

சகாயநாதனின் வலது முட்டி ஒரு பிடிவாதக்காரன். பாதிவரை மடங்கும். அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுவிடும்.

முட்டி இப்படி ஆனதற்குக் காரணம் ஜூலை பதினாலாம் தேதி சைக்கிள் பந்தயம். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய தேசிய நாளான அன்று ஊரே கடற்கரையில் திருவிழாவாகக் கூடும். பந்தயத்துக்காக நெல்லித்தோப்புப் பையன்கள் ஐந்து பேர் விடியற்காலையில் சாரம் சாலையில் ஓட்டிப் பழகினார்கள். ஏப்ரலில் ஒருநாள் பலராமனின் சைக்கிள் சகாயத்தின் சைக்கிளோடு சிக்கிக்கொண்டது. பலராமன் புல்லில் விழுந்தான். சகாயம் சரளைக்கல்லில் விழுந்தான்.

ஆறு வாரம் காலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். முதல் வாரம் மூன்று பையன்கள் வந்து, முறுக்குத் தின்று, கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் தெருவோடு போகும்போது மணி மட்டும் அடித்தார்கள். மூன்றாம் வாரம் மணியும் இல்லை.

பலராமன் ஒருநாள்கூட எட்டிப்பார்க்கவில்லை. நகமும் சதையுமாகத் திரிந்தவன் அவன். முட்டி வலித்ததைவிட அதுதான் சகாயத்துக்கு அதிகம் வலித்தது. இனி அவன் பெயரையே சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

அப்பா கடல் கடந்து சைகோனில் வேலை பார்த்தார். அம்மா சூசைமேரி காலையில் தையல் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சகாயம் ஒருநாள் கோழியிடம் பேசிப் பார்த்தான். அது பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டது.

கட்டைப் பிரித்த டாக்டர், மெதுவாகச் சைக்கிள் மிதித்தால் முட்டி பழகும் என்றார். ஆனால் இன்னொரு முறை விழுந்தால் கால் ஆயுசுக்கும் மடங்காது என்றும் எச்சரித்தார்.

அப்பா விட்டுப்போன சைக்கிளை எடுத்து சகாயம் மிதித்துப் பார்த்தான். மிதிகட்டை மேலே வரும் இடத்தில் முட்டி மாட்டேன் என்றது. வெகுநேரம் யோசித்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து சீட்டை நான்கு விரல் உயரம் ஏற்றினான். இப்போது காலை அவ்வளவு மடக்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் ஓடியது.

ஒரே ஒரு சங்கடம். கால் தரைக்கு எட்டவில்லை. குதித்து இறங்கினால் முழு எடையும் வலது காலில் விழும். அதனால் வீட்டு வாசற்படியில் நின்று ஏறிக்கொண்டு, சாரம் சாலையிலுள்ள வாய்க்கால் பாலத்தின் கட்டைச்சுவரில் கால் ஊன்றி ஓய்வெடுத்து, மறுபடி வாசற்படிக்கே வந்து இறங்குவான். மற்றவர்கள் பழகிவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் கிளம்புவான். தான் நத்தையாக ஊர்ந்து போவதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான்.

பத்து நாள் இப்படித் தனியாகவே ஓட்டினான். சாலையில் அவனோடு வந்தது அவன் நிழல் ஒன்றுதான்.

பதினோராம் நாள் பாலத்துக்கு வந்தால், கட்டைச்சுவரில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியிலா கால் ஊன்ற முடியும்? சகாயம் சத்தமில்லாமல் வீட்டுப் பக்கம் திருப்பினான். வாசற்படியை ஒட்டி ஒரு வைக்கோல் வண்டி நின்றது. வண்டிக்காரரைக் காணோம். மாடுகள் மட்டும் அவனை நிதானமாகப் பார்த்தன.

புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது. சகாயம் மறுபடி பாலத்துக்குப் போனான். போலீஸ்காரர் இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கென்று பையன்களில் ஒருவனின் சைக்கிள் பஞ்சராகியிருந்தது. நான்கு பேரும் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சகாயம் நிற்காமல் போவதையும் வருவதையும் பார்த்து, பந்தயத்துக்குத் தயாராகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை அவன் கடந்தபோது கைதட்டினார்கள்.

சகாயத்துக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. முட்டி கொதித்தது. இன்னும் ஒரு சுற்றுகூடத் தாங்காது.

பலராமன் மட்டும் கைதட்டவில்லை. எழுந்து நின்று சகாயத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு வாரமாகச் சொல்லாத பெயர் சகாயத்தின் தொண்டையில் நின்றது. கீழே விழுவதா, அவனைக் கூப்பிடுவதா? ரோஷம் விழச் சொன்னது. முட்டி கூப்பிடச் சொன்னது.

"பலராமா, என்னால எறங்க முடியல. புடிடா."

பலராமன் பாய்ந்து வந்தான். ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் ஹாண்டில்பாரையும் பிடித்து, கூடவே ஓடி நிறுத்தினான். சகாயம் அவன் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினான். இறங்கிய பிறகும் பலராமன் கையை எடுக்கவில்லை.

"ஏன்டா ஒரு தடவகூட என்னப் பாக்க வரல?"

"வந்தேன்டா. தெரு முனை வரைக்கும் நாலு தடவ வந்தேன். என்னாலதான விழுந்த. உங்கம்மா இன்னா சொல்லுவாங்களோன்னு திரும்பிப் போயிட்டேன்."

"எங்கம்மா உன்ன முழுங்கிடவா போறாங்க? முறுக்குதான் குடுப்பாங்க. நான் கோழிகிட்டலாம் பேசிட்டு இருந்தேன்டா."

பலராமன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இனிமேல் தானும் பழகப் போவதில்லை, சகாயத்தோடுதான் இருப்பேன் என்றான் பலராமன். சகாயம் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் மற்றவர்களோடு ஓட்டிவிட்டு, அப்புறம் வந்து தன்னைப் பிடித்தால் போதும் என்று சொல்லிவிட்டான்.

அதன்படியே தினமும் நடந்தது. சகாயம் மெதுவாக மிதிப்பான். பலராமன் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டுவான். முட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிவாதத்தை விட்டது. சீட்டும் ஒவ்வொரு விரலாக இறங்கியது.

ஜூலை பதினாலில் சகாயம் போட்டியிடவில்லை. பலராமன் நான்காவதாக வந்தான். முதலாவதாக வந்தவனுக்குக்கூட அவ்வளவு சத்தம் கிடைக்கவில்லை. சகாயத்துக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

அடுத்த வாரம், வழக்கம்போல ஓட்டிவிட்டு நிறுத்த வேகத்தைக் குறைத்தபோது, சகாயத்தின் கால் விரல்கள் தரையைத் தொட்டன. நன்றாகவே தொட்டன. அவன் சட்டென்று காலை மேலே இழுத்துக்கொண்டான்.

"பலராமா, புடிடா."

பலராமன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்தும் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து சீட்டைப் பிடித்தான்.