யூன்சோவின் விண்ணப்பம்

ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு மடத்துத் தலைவி அன்னை தெக்லா வாசல் அறைக்கு வந்தார். கையில் அல்லி மலர் தைத்த நீல உறை போட்ட ஜெபப் புத்தகம். உள்ளே வாசல் பொறுப்பாளர் சகோதரி கொலும்பா சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சமையல் பார்க்கும் சகோதரி அகத்தா. முந்தின நாள் கிம்ச்சி ஊறுகாய்க்கு மிளகாய் விழுது தடவிய எரிச்சல் தாங்காமல் கையை ஊதிக்கொண்டிருந்தார்.

பயிற்சியில் இருக்கும் நவகன்னி யூன்சோ, துறவற வார்த்தைப்பாடு கொடுக்க அனுமதி கேட்டுக் கைப்பட எழுதிய விண்ணப்பத்தைக் காணவில்லை. சனிக்கிழமை மதிய ஜெபம் முடிந்ததும் அதைப் புத்தகத்தில் செருகி, புத்தகத்தைச் சிற்றாலயத்தில் தன் இடத்திலேயே வைத்தாராம் அன்னை. இன்று காலை ஏடு ஏடாகப் புரட்டியும் இல்லை. நேற்று மதியம் சிற்றாலயத்தைப் பெருக்கியவள் யூன்சோ.

"அவளே எடுத்துட்டா. போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் எழுதிக் கொடுத்துட்டுத் திருப்பி வாங்கிட்டுப் போனா. இவளைக் காலையிலேயே கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டேன்," என்றார் அன்னை.

அத்தனை பேர் பார்க்க அந்தப் பெண் எழுந்து பின்னால் போனதை அகத்தாவும் பார்த்திருந்தார். மூன்று மணிக்கு ஆலோசனைக் கூட்டம். அதில் பெயர் வராவிட்டால் யூன்சோ பெட்டி கட்ட வேண்டியதுதான். அவளைக் கேட்கவும் வழியில்லை. தியான மௌனத்தில் இருக்கிறாள். போதாக்குறைக்கு, விண்ணப்பம் தானாக வர வேண்டும், எழுதச் சொல்லி எவரும் ஒருத்தியைத் தூண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"நேத்து சாயங்கால ஜெபத்துக்கு முன்னாடி, பூசைப் பொருளெல்லாம் பார்த்துக்கற சகோதரி அப்போலோனியாவும் உள்ள போனா. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்குதுன்னு ஊதாத் துணி விரிச்சா, ஒரு இடம் விடாம எல்லார் இருக்கையிலயும் கை வெச்சா. அவளைப் பிடிங்க," என்றார் அகத்தா, ஏதோ கையும் களவுமாகப் பிடித்தவர் போல.

கொலும்பா புத்தகத்தை வாங்கி, ஏடுகளின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். பிறகு எழுந்தார்.

"மூணு மணிக்குள்ள அந்தக் கடிதம் கிடைச்சாகணும், கிடைக்கும். வாங்க, திருப்பண்ட அறைக்குப் போவோம்."

அங்கே அப்போலோனியா மெழுகுதிரி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாலு மாசமா தினமும் புரட்டின புத்தகத்தோட ஓரம் இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்?" என்றார் கொலும்பா. "நம்ம ஜெபப் புத்தகம் நாலு பாகம். வழிபாட்டுக் காலம் மாறினா பாகமும் மாறும். நேத்து சாயங்காலம் மாறிடுச்சு. அப்போலோனியா, பழைய பாகத்தோட உறையைக் கழற்றிப் புதுசுக்கு மாட்டினது நீங்கதானே?"

வருஷா வருஷம் தான் செய்வதுதானே என்றார் அப்போலோனியா. உள்ளே திறந்து பார்க்கவில்லை. இன்னொருத்தர் ஜெபப் புத்தகத்தை யார் திறப்பார்கள்? சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தார். ஓரம் கறுத்த பாகத்தில், மதிய ஜெபத்தின் ஏட்டில், நான்காய் மடித்த கடிதம் அப்படியே இருந்தது.

அன்னை கடிதத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "பாகம் மாறினது எனக்குத் தெரியாதா? நேத்து புதுசுலதானே ஜெபிச்சேன்?"

"தெரியும். ஆனா தேடறதுக்கு முன்னாடியே அவதான் எடுத்தான்னு முடிவு பண்ணிட்டீங்க. போன வருஷம் போனவ இன்னும் உங்க மனசுல உட்கார்ந்திருக்கா. கடிதம் கிடைச்சிடுச்சு, அம்மா. அந்தப் பொண்ணு பட்ட அவமானத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அகத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவியிடம் எவரும் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கொலும்பா பார்வையைத் தாழ்த்தவில்லை.

மதிய ஜெபத்துக்கு எல்லோரும் கூடியதும், எழுபத்திரண்டு வயது அன்னை தெக்லா கடைசி பெஞ்சு வரை நடந்தார். யூன்சோவின் முன்னால் வெறுந்தரையில் மண்டியிட்டார். "உன்னைச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிடு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

காலையில் அத்தனை பேர் நடுவில் எழுப்பி அனுப்பியபோது வாயே திறக்காத பெண், பதறி எழுந்து அவர் தோளைப் பிடித்தாள். மௌனமாவது ஒன்றாவது.

"எந்திரிங்க அம்மா, தரை சில்லுன்னு இருக்கு. உங்க முட்டி தாங்காது."